"இல்லையெண்டு ஆர் பாத்தது?" - விசர் மாட்டு வருத்தத்தைத் தேடிய சோதனைகளின் கதை



இது கொஞ்சம் நீண்ட பதிவு. பெருநாள் விடுமுறைதானே, ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரம் எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றித் திரிந்தது உங்களுக்கும் வந்திருக்கும். "மாட்டிறைச்சி சாப்பிடாதீங்க, விசர் மாட்டு வருத்தம் வந்திட்டுது" என்று ஆரோ ஒருவர் பதறிக்கொண்டு சொல்கிறார். எந்த நாடு, எந்த ஊர், எந்த மாடு என்று ஒன்றும் இல்லை. அடுத்த நாள் வகுப்பில் பிள்ளைகள் அதைத்தான் கேட்டார்கள். "அது வெளிநாட்டு வருத்தம், இங்கே இல்லை" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கப் போனோம். முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி நின்று கேட்டாள்:

"ரீச்சர், இல்லையெண்டு ஆர் பாத்தது?"

பதில் சொல்ல முடியவில்லை. நாளைக்குச் சொல்கிறோம் என்று சொல்லி இருத்திவிட்டோம். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடமே, தெரியாததைத் தெரிந்தமாதிரிச் சொல்லக் கூடாது என்பதுதான். வீட்டுக்கு வந்து வாசிக்கத் தொடங்கினோம். அந்தக் கேள்வியைத்தான் உலகத்துப் பெரிய பெரிய ஆய்வுகூடங்களும் இருநூறு, முந்நூறு வருடமாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கின்றன என்று அப்போதுதான் விளங்கியது. அந்தக் கதைதான் இது.

கதை மாட்டில் தொடங்கவில்லை, செம்மறியாட்டில் தொடங்குகிறது. 1730களிலேயே இங்கிலாந்தில் இந்த வருத்தத்தைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. வருத்தம் வந்த ஆடு வேலியிலும் மரத்திலும் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து மயிர் உதிர்ந்து, பிறகு நடை தள்ளாடி, கடைசியில் விழுந்து சாகும். தேய்ப்பதை வைத்தே ஸ்கிரேப்பி என்று பேர் வந்தது. தொற்று நோயா, பரம்பரை நோயா என்று இருநூறு வருடம் வாதம் நடந்தது. வாதம் தீராததற்குக் காரணம் இந்த வருத்தத்தின் பொறுமை. 1936இல் பிரான்ஸின் துலூஸ் நகரில் குயிலே, ஷெல் என்ற இரண்டு மிருக வைத்தியர்கள் வருத்தம் வந்த ஆட்டின் நரம்பு இழையத்தை நல்ல ஆட்டுக்கு ஏற்றி, அது தொற்றும் என்று காட்டினார்கள். அறிகுறி தெரிய ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. அவசரக்காரன் என்றால் இடையில் ஆட்டை விற்றுவிட்டு, "ஒன்றும் இல்லை" என்று எழுதியிருப்பான்.

அதே காலத்தில் ஸ்கொட்லாந்தில் ஒரு பெரிய விபத்து நடந்தது. ஆடுகளுக்கு வரும் வேறொரு மூளை நோய்க்குத் தடுப்பூசி செய்தார்கள். ஆட்டு மூளையை எடுத்து, கிருமி சாக போமலினில் போட்டுத்தான் செய்தார்கள். அந்த ஊசி போட்ட ஏராளமான ஆடுகளுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் ஸ்கிரேப்பி வந்தது. மூளை கொடுத்த ஆடுகளுக்குள் ஸ்கிரேப்பி ஒளிந்திருந்திருக்கிறது. எங்கள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் தவளையைப் போட்டு வைக்கிற அதே போமலின் இந்தக் கிருமியைக் கொல்லவில்லை.

1960களில் லண்டனில் டிக்வா அல்ப்பர் என்ற பெண் விஞ்ஞானி, ஸ்கிரேப்பி மாதிரிகளைக் கதிர்வீச்சால் அடித்துப் பார்த்தார். எந்த வைரசும் அழிந்துபோகிற அளவு கதிர்வீச்சில் இது அழியவில்லை. அப்படியென்றால் இதற்குள் டிஎன்ஏ போன்ற ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகமாயிற்று. 1982இல் அமெரிக்காவின் ஸ்ரான்லி புருசினர், இது வெறும் புரதம் என்று சொல்லி அதற்குப் "பிரியோன்" என்று பேர் வைத்தார். நிறையப் பேர் சிரித்தார்கள். 1997இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிரியோன் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நாங்கள் பனையோலையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனோம். கூழ் குடிக்கிற பிளா எல்லோருக்கும் தெரியும்தானே. ஓலையைச் சரியாக மடித்தால் பிளா, கூழ் நிற்கும். அதே ஓலையைப் பிழையாக மடித்தால் ஒழுகும். ஓலையில் குறை இல்லை, மடிப்பில்தான் பிழை. எங்கள் மூளையிலும் மாட்டின் மூளையிலும் இயல்பாகவே ஒரு புரதம் இருக்கிறது. அது பிழையாக மடிந்துவிட்டால் பிரியோன். ஓலைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பிழையாக மடிந்த பிளா பக்கத்துப் பிளாவைக் கெடுக்காது. பிழையாக மடிந்த இந்தப் புரதமோ, பக்கத்தில் உள்ள நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடிய வைக்கும். அது அடுத்ததை, அடுத்தது அதற்கடுத்ததை. வருடக்கணக்கில் போய், மூளை பாணைப் பிய்த்தால் உள்ளே தெரிகிற மாதிரித் துளை துளையாகிவிடும்.

சோதனை செய்வது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பது இதில்தான் இருக்கிறது. கொரோனா காலத்தில் பிசிஆர் என்ற சொல்லை நாம் எல்லோரும் படித்துக்கொண்டோம். அது கிருமியின் மரபுப் பொருளைப் பெருக்கிக் கண்டுபிடிக்கிற சோதனை. பிரியோனுக்கு மரபுப் பொருளே இல்லை, பிசிஆர் எதைப் பெருக்கும்? சரி, இரத்தத்தில் பிறபொருளெதிரியைத் தேடலாமா என்றால், அது உடம்பின் சொந்தப் புரதம். உடம்பு அதை அந்நியன் என்று அறியாது, எதிரியை உண்டாக்காது. காய்ச்சலும் காயாது. ஆக, உயிரோடு நிற்கிற மாட்டில் தேடுவதற்கு அடையாளம் ஒன்றும் இல்லை. மாடு செத்த பிறகு மூளையை எடுத்து, மூளையும் முண்ணாணும் சேர்கிற இடத்தில், எங்கள் பாடப்புத்தகம் சொல்கிற நீள்வளைய மையவிழையத்தில், மெல்லிய துண்டு சீவி நுணுக்குக்காட்டியில் துளை தேட வேண்டும். அல்லது அந்த மூளையைச் சுண்டெலிக்கு ஏற்றிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1980கள் வரை இவ்வளவுதான் கையில் இருந்தது.

இந்த நிலையில்தான் பிரித்தானியாவில் மாடுகள் விழத் தொடங்கின.

1984 டிசம்பரில் தென் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒரு பண்ணையில் 133ஆம் இலக்கப் பசு தலை நடுங்கி, நடை தளர்ந்து, அடுத்த பெப்ரவரியில் செத்தது. 1985 செப்டம்பரில் அதே பண்ணையின் இன்னொரு மாட்டின் மூளையை அரச ஆய்வுகூடத்தில் கரோல் ரிச்சட்சன் என்ற நோயியலாளர் பார்த்தார். ஆட்டு ஸ்கிரேப்பியில் வருவது போன்ற துளைகள் தெரிந்தன. ஆனால் மாட்டுக்கு அப்படி ஒரு நோய் இருப்பதாக அதுவரை ஒருவரும் எழுதியதில்லை. ஏதோ நஞ்சாக இருக்கும் என்று முடிவானது. கண் கண்டதைப் புத்தகம் ஒத்துக்கொள்ளவில்லை. 1986 நவம்பரில்தான், வேறு இடங்களின் மாடுகளையும் பார்த்த பிறகு, வேபிரிட்ஜ் மத்திய மிருகவைத்திய ஆய்வுகூடம் இது புதிய நோய் என்று இனங்கண்டது.

காரணம் தீனி. செத்த ஆடு மாடுகளின் இறைச்சிக் கழிவையும் எலும்பையும் உருக்கி, அரைத்து, தூளாக்கி, சத்துத் தீனி என்று திரும்ப மாட்டுக்கே கொடுத்தார்கள். புல் தின்கிற சீவனுக்கு அதன் இனத்தையே தின்னக் கொடுத்தார்கள். ஒரு மாட்டின் பிழையான புரதம் ஆயிரம் மாட்டுக்குப் போனது. 1988 ஜூலையில் அந்தத் தீனியைத் தடை செய்தார்கள். அதற்குள் போகவேண்டியது போய்விட்டது. பிரித்தானியாவில் மட்டும் 180,000க்கு மேற்பட்ட மாடுகளில் நோய் உறுதி செய்யப்பட்டது. நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மாடுகள் கொன்று அழிக்கப்பட்டன.

1990 மே மாதம் அந்நாட்டு விவசாய அமைச்சர் ஜோன் கம்மர் தொலைக்காட்சிக் கமராவுக்கு முன்னால் தன் சின்ன மகளுக்கு மாட்டிறைச்சி பேர்கர் கொடுத்துக் காட்டினார், பயப்பட ஒன்றுமில்லை என்று. 1996 மார்ச் 20ஆம் திகதி அதே அரசாங்கத்தின் சுகாதார அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழும்பி, இளம் வயதினர் சிலருக்கு வந்திருக்கும் புதிய மூளை நோய்க்கும் இந்த மாட்டு நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று சொன்னார். பிரித்தானியாவில் அந்த நோயால் இறந்தவர்கள் 178 பேர். "இல்லை" என்று சொன்ன ஆறு வருடத்தில், ஒரு மாட்டை உயிரோடு சோதித்துச் சொல்ல வழி இருக்கவில்லை. அந்த "இல்லை" சோதித்துச் சொன்ன "இல்லை" அல்ல, ஆசைப்பட்டுச் சொன்ன "இல்லை".

இனித்தான் சோதனைகளின் கதை சூடு பிடிக்கிறது.

நல்ல புரதத்தையும் பிழையாக மடிந்த புரதத்தையும் பிரிப்பது எப்படி? புருசினரின் ஆய்வுகூடம் முன்னமே ஒரு வழி கண்டிருந்தது. புரதத்தைச் சிதைக்கிற நொதியம் ஒன்றை மூளைக் கரைசலில் விட்டால் நல்ல புரதம் முழுவதும் கரைந்து போகும். பிழையாக மடிந்தது இறுகிப்போய் இருப்பதால் அதன் நடுப்பகுதி கரையாமல் எஞ்சும். எஞ்சியதை, ஆய்வுகூடத்தில் செய்த பிறபொருளெதிரியால் அடையாளம் காணலாம். வாரக்கணக்கான வேலை மணித்தியாலக் கணக்குக்கு வந்தது. சுவிற்சர்லாந்தின் பிரியோனிக்ஸ் நிறுவனம் இதை வைத்து விரைவுச் சோதனை செய்தது. 1999இல் ஐரோப்பிய ஆணைக்குழு நான்கு சோதனைகளுக்குப் பரீட்சை வைத்தது. பிரித்தானியாவின் நோயுற்ற மாட்டு மூளைகளும் நியூசிலாந்தின் நோயற்ற மாட்டு மூளைகளும் கொடுக்கப்பட்டன. எது எது என்று சோதிப்பவர்களுக்குச் சொல்லவில்லை. மூன்று சோதனைகள் ஒரு பிழையும் விடாமல் தேறின.

அந்தச் சோதனை கைக்கு வந்ததும் நடந்ததைப் பாருங்கள். ஜேர்மனி அதுவரை "எங்கள் சொந்த மாட்டில் இந்த நோய் இல்லை" என்றுதான் சொல்லி வந்தது. 2000 நவம்பரில் அங்கே ஒரு கொல்களத்தில் சட்டம் கட்டாயப்படுத்தாமலே விரைவுச் சோதனை செய்தார்கள். வடக்கு ஜேர்மனியில் பிறந்து வளர்ந்த மாடு ஒன்றில் நோய் தெரிந்தது. 2001 ஜனவரியில் சுகாதார அமைச்சரும் விவசாய அமைச்சரும் பதவி விலகினார்கள். அதே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும், உணவுக்கு அறுக்கப்படும் 30 மாதத்துக்கு மேற்பட்ட மாடுகள் எல்லாவற்றுக்கும் சோதனை கட்டாயமானது. நோய் அந்த நவம்பரில் வந்ததல்ல. தேடல்தான் அந்த நவம்பரில் வந்தது.

சோதனை வந்தால் மட்டும் போதாது என்பதையும் அடுத்த வருடங்கள் காட்டின. 2001இல் ஜப்பானின் சிபா மாகாணத்தில் அறுக்கப்பட்ட ஒரு மாட்டுக்கு முதலில் செய்த விரைவுச் சோதனை "இல்லை" என்றது. பிறகு நுணுக்குக்காட்டியில் துளைகள் தெரிந்து, வேறு முறையால் பார்த்தபோது "உண்டு" என்றானது. எரித்துவிட்டதாகச் சொல்லப்பட்ட அந்த மாட்டின் உடல் உண்மையில் தீனித் தூளாக அரைக்கப்பட்டிருந்தது. மக்கள் கொதித்தார்கள். அந்த ஒக்டோபர் முதல் ஜப்பான் உணவுக்கு அறுக்கும் ஒவ்வொரு மாட்டையும் சோதிக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 2004 நவம்பரில் டெக்ஸாஸ் மாடு ஒன்றின் விரைவுச் சோதனை சந்தேகம் காட்டியது. இரண்டாம் சோதனை "இல்லை" என்றது, கோப்பு மூடப்பட்டது. ஏழு மாதம் கழித்து மூன்றாவது முறையால் பார்த்தார்கள். "உண்டு." வேபிரிட்ஜும் அதை உறுதி செய்தது. ஒரே மாடு, ஒரே மூளை. கேட்ட விதத்தைப் பொறுத்துப் பதில் மாறியது.

எல்லாவற்றையும் விடப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்த கதை ஒன்று உண்டு. மாட்டு நோய் செம்மறியாட்டுக்கும் போயிருக்கிறதா என்று பிரித்தானியாவில் ஒரு ஆய்வுக் குழு 1990களின் தொடக்கத்தில் சேர்த்து வைத்த ஆட்டு மூளைகளை வருடக்கணக்கில் சோதித்தது. 2001 ஒக்டோபரில், முடிவை வெளியிடுவதற்குச் சற்று முன்பு, அந்த மாதிரிகளின் டிஎன்ஏயைப் பார்த்தார்கள். ஆட்டு மூளை என்று இவ்வளவு காலமும் சோதித்தது மாட்டு மூளை! முடிவு பிழைத்திருந்தால் நாட்டின் செம்மறியாடுகளின் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போத்தலில் லேபல் ஒட்டச் சொன்னால் "பிறகு ஒட்டுறம் ரீச்சர்" என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொன்னோம். அன்றைக்கு எல்லோரும் லேபல் ஒட்டினார்கள்.

இந்தக் கதை எங்கள் பக்கமும் ஒருமுறை திரும்பியது. 2005 செப்டம்பரில் லான்செட் மருத்துவ இதழில் பிரித்தானியாவைச் சேர்ந்த கோல்செஸ்டர் என்ற தந்தையும் மகளும் ஒரு கருதுகோளை எழுதினார்கள். 1960களிலும் 70களிலும் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் நாடுகளிலிருந்து பிரித்தானியாவுக்கு உரத்துக்கும் தீனிக்கும் பெருமளவு எலும்பு போனது. அதில், ஆற்றில் விடப்பட்ட மனித உடல்களின் எலும்பும் கலந்திருக்கலாம், மனிதருக்கு வரும் பிரியோன் நோய் அதன் வழியாக மாட்டுக்குப் போயிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். எலும்பு வியாபாரம் நடந்தது உண்மை. மற்றதெல்லாம் "இருக்கலாம்". ஆனால் உலகப் பத்திரிகைகளில் அது எப்படி வந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதே இதழிலேயே பதில் வந்தது, பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் பேராசிரியர்கள் சங்கரும் சதீஷ்சந்திராவும் எழுதியது. அவர்கள் சத்தம் போடவில்லை. அந்த நிறுவனத்தில் இந்தியாவின் மனிதப் பிரியோன் நோயாளரின் பதிவேடு பல காலமாக எழுதப்பட்டு வந்தது. 1995இல் சங்கர் மூளை வங்கி ஒன்றைத் தொடங்கி, இறந்தவர்களின் குடும்பத்தார் சம்மதித்துக் கொடுத்த மூளைகளைப் பாதுகாத்து வந்தார். தங்கள் கையில் இருந்த ஆதாரத்தை வைத்து, இந்தக் கருதுகோளைத் தாங்குவதற்குப் போதிய சான்று இல்லை, கவனமாக ஆராய வேண்டும் என்று எழுதினார்கள். ஒரு முழுத் துணைக்கண்டத்தின் மேல் வந்த சந்தேகத்துக்குப் பதில் சொல்லப் பொறுமையாக எழுதி வைத்த ஒரு பதிவேடு உதவியது.

இந்த இடத்தை வாசித்தபோது எங்களுக்கு 2020 ஞாபகம் வந்தது. ஜனாஸாவை அடக்கினால் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று, ஆதாரமாக ஒரு ஆய்வையும் காட்டாமல் சொன்னார்கள். எத்தனை குடும்பங்கள் அழுதன. 2021 பெப்ரவரியில்தான் அது மாறியது. சோதிக்காமல் சொல்லும் "உண்டு" என்ற சொல்லும், சோதிக்காமல் சொல்லும் "இல்லை" மாதிரியே மனிதரைக் காயப்படுத்தும்.

இன்னொரு வகையிலும் இந்தக் கதை எங்கள் வீடுகளுக்குள் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் லண்டனில் சொந்தம் இல்லாத வீடு குறைவு. 1980க்கும் 1996க்கும் இடையில் பிரித்தானியாவில் சில மாதம் இருந்துவிட்டு அவுஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ போனவர்கள், அங்கே இரத்ததானம் செய்யப் போனால் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. அந்தக் காலத்தில் அங்கே இருந்தார்கள், அவ்வளவுதான். இரத்தம் மூலமும் இந்த நோய் பரவக்கூடும் என்று 2003இல் பிரித்தானியாவில் தெரிய வந்தது. ஆனால் தானம் செய்த இரத்தத்தில் பிரியோனைத் தேடிப் பார்க்க இரத்த வங்கிகளிடம் ஒரு சோதனை இருக்கவில்லை. சோதனை இல்லாத இடத்தில் ஆளையே விலக்க வேண்டி வந்தது. அவுஸ்திரேலியா 2022இலும் கனடா 2023இலும்தான் அந்தத் தடையை நீக்கின. ஒரு நல்ல சோதனை இல்லாததன் விலையை எங்கள் ஆட்களும் கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு சோதனைகள் எங்கே வந்து நிற்கின்றன? 2001இல் குளோடியோ சொட்டோ என்ற சிலி நாட்டு விஞ்ஞானியின் குழு ஒரு புதிய வழி கண்டது. பிரியோனுக்கு மரபுப் பொருள் இல்லைத்தான். ஆனால் அது பக்கத்துப் புரதத்தை மடிக்குமே, அந்தக் கெட்ட குணத்தையே சோதனை ஆக்கினால் என்ன? குழாயில் நல்ல புரதத்தை வைத்து, சந்தேக மாதிரியில் ஒரு துளி விட்டு, திரும்பத் திரும்பக் குலுக்கி உடைத்தால், ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமாகிப் பெருகும். அமெரிக்காவின் மொன்டானாவில் பைரன் கோகியின் ஆய்வுகூடம் இதை இன்னும் இலகுவாக்கியது. பற்றீரியாவைக் கொண்டு செய்த புரதம், கூடவே பிரியோன் சேர்ந்தால் ஒளிரும் ஒரு சாயம், இடைவிடாத குலுக்கல். அவ்வளவுதான். சுண்டெலியில் மாதக்கணக்கில் பார்த்ததை இப்போது ஒன்றிரண்டு நாளில் பார்க்கலாம். இந்த முறைக்குப் பேர் ஆர்டி-குயிக். இன்று மனிதரில், முதுகில் ஊசி போட்டு எடுக்கும் மூளைய முண்ணாண் பாய்பொருளிலிருந்தே நோயை உயிரோடு இருக்கும்போது அறிய இது உதவுகிறது. செம்மறியாட்டிலும் மானிலும் தொண்டை, குடல்வாய்ப் பகுதியின் நிணநீர் இழையத்தில் பிரியோன் சேர்வதால், சின்னத் துண்டு எடுத்து உயிரோடு சோதிக்கலாம். மாட்டில் அப்படிச் சேர்வதில்லை. ஆகவே மாட்டுக்கு இன்றைக்கும் வழமையான சோதனை அறுத்த பிறகு மூளையில்தான்.

தேடத் தொடங்கியதும் தேடாததும் வந்தது. ஐரோப்பா இலட்சக்கணக்கில் மாடுகளைச் சோதித்ததால்தான் 2004இல் இத்தாலியிலும் பிரான்ஸிலும் வேறு வகையான மாட்டுப் பிரியோன்கள் தெரிந்தன. இவை பெரும்பாலும் வயது போன மாடுகளில், தீனியோடு தொடர்பில்லாமல் தானாகவே வருபவை என்று கருதப்படுகின்றன. 2018இல் அல்ஜீரியாவின் வார்க்லா நகரக் கொல்களத்துக்கு வந்த ஒட்டகங்களில் பிரியோன் நோய் இருப்பதை அல்ஜீரிய, இத்தாலிய விஞ்ஞானிகள் எழுதினார்கள். நடுங்கித் தள்ளாடுகிற ஒட்டகங்களை அங்குள்ள வளர்ப்பவர்கள் 1980களிலிருந்தே கண்டிருக்கிறார்கள். முப்பது வருடம் வருத்தம் இருந்தது, பேர் இருக்கவில்லை. ஒட்டகம் வளர்ப்பவர் கண்ணும் ஆய்வுகூடமும் சந்தித்த நாளில்தான் பேர் வந்தது.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். அடுத்த நாள் நாங்கள் சொன்ன பதில் இதுதான்.

பிரித்தானியாவில் இந்த நோயைப் பரப்பியது இறைச்சி எலும்புத் தூள். எங்கள் வீட்டு மாடு தின்பது வைக்கோல், தவிடு, எள்ளுப் புண்ணாக்கு, தேங்காய்ப் புண்ணாக்கு. ஆடு தின்பது வேலியில் வெட்டிப் போடுகிற பூவரசங்குழை. மாட்டுக்கு மாட்டைத் தின்னக் கொடுக்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. அதனால் அந்த வழியாக வருவதற்கான இடம் மிகவும் குறைவு. இது காரணம் காட்டிச் சொல்வது, இதற்கு மேல் சொல்வதற்கு மூளைகளைச் சோதித்த கணக்கு வேண்டும். இந்தியா 2010இல் உலக மிருக சுகாதார அமைப்பிடமிருந்து "மிகக் குறைந்த ஆபத்து" என்ற தரத்தைப் பெற்றது. அந்தத் தரத்தை ஆரும் சும்மா கொடுப்பதில்லை. என்ன தீனி கொடுக்கிறாய், எத்தனை மாட்டைச் சோதித்தாய் என்று கணக்குக் கேட்டுத்தான் கொடுப்பார்கள்.

அவள் விடவில்லை. "அப்ப விசர் நாய் கடிச்சா, நாயின்ர தலையைக் கொழும்புக்கு அனுப்பிப் பாக்கிறது மாதிரியா ரீச்சர்?"

அதே மாதிரித்தான். ஒரு நாயின் தலையை ஐஸ் போட்டுக் கட்டி பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புவது வீண் அலைச்சல் மாதிரித் தெரியும். அங்கே நுணுக்குக்காட்டியில் பார்த்துச் சொல்கிற ஒரு சொல்லில்தான் கடிபட்டவரின் வீட்டார் நித்திரை கொள்வதா இல்லையா என்பது இருக்கிறது. தேடாதவன் சொல்லும் "இல்லை"யும் தேடியவன் சொல்லும் "இல்லை"யும் எழுத்தில் ஒன்றுதான். ஆனால் ஒன்றை நம்பிப் படுக்கலாம், மற்றதை நம்பிப் படுக்க முடியாது.

ஆகவே உறவுகளே, மூன்று வேண்டுகோள்.

ஒன்று, ஊர் பேர் இல்லாத குரல் பதிவு வந்தால், "ஆர் பாத்தது, எங்க பாத்தது, எப்பிடிப் பாத்தது" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் இல்லையென்றால் அடுத்த குழுவுக்கு அனுப்பாதீர்கள். எங்கள் சமூகத்தின் மேல் அப்படி வந்த பதிவுகள் எத்தனை என்று நமக்குத் தெரியும். மற்றவர் மேல் நாம் அதைச் செய்யக் கூடாது.

இரண்டு, நடை தள்ளாடுகிற, காரணம் தெரியாமல் விழுந்த, குணம் மாறிய ஆட்டையோ மாட்டையோ "வீணாப் போகுது" என்று அறுத்துவிடாதீர்கள். முதலில் அரச மிருக வைத்தியருக்குக் காட்டுங்கள். அது பிரியோனாக இருக்காது, விசர் நாய்க்கடியாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். பார்க்க வேண்டியவர் பார்க்கட்டும். குர்பானிக்கும் நோயில்லாத பிராணிதானே வேண்டும்.

மூன்று, உங்கள் வீட்டுப் பிள்ளை "ஆர் பாத்தது?" என்று கேட்டால் வாய் காட்டுகிறாள் என்று அதட்டாதீர்கள். 1985இல் ஒரு கண்ணாடித் துண்டில் தெரிந்த துளைகளைப் பார்த்து அந்தக் கேள்வியை இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டிருந்தால், ஒரு வருடம் முந்தியிருக்கும். அந்த ஒரு வருடத்தில் எத்தனை மாடு, எத்தனை மனிதர்.

எங்கள் வகுப்பில் அந்தப் பிள்ளை இப்போது விஞ்ஞானப் பாடக் குழுத் தலைவி. போத்தல்களுக்கு லேபல் ஒட்டுவதற்கு அவள்தான் பொறுப்பு.

பிழை இருந்தால் கீழே சொல்லுங்கள், திருத்துகிறோம்.